இரத்த அழுத்தக் கிளினிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியமனம் பெற்று மலையகத்துக்கு வரும் இளம் வைத்தியர்களும் தாதியரும், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். அளப்பதற்காகக் கையில் சுற்றும் பட்டையைத் தளர்வாகக் கட்டுவது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பது போன்றவற்றைப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆய்வின் இலக்கை எடுத்து, அளந்த முறையை விட்டுவிடுதல்

2015 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு, 50 வயதைக் கடந்த 9,361 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் சிஸ்டொலிக் அழுத்தத்தை, அதாவது இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை, 120 மில்லிமீற்றர் பாதரசத்துக்கும் மற்றவர்களுடையதை 140 இற்கும் கீழே வைக்க முயன்றது. 120 ஐ நோக்கிச் சிகிச்சை பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 25 சதவீதம் குறைந்தன. புதிதாக வருபவர்கள் எல்லோரும் இந்த 120 ஐ மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் நோயாளரை 5 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள் என்பதைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் கிளினிக்குக்கு வருபவர் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து செங்குத்தான குறுக்குப் பாதையில் ஏறி வந்து, வாங்கில் இடமில்லாமல் வரிசையில் நின்று, முறை வந்ததும் மூச்சு ஆறுமுன்னே கையை நீட்டுகிறார். அந்தக் கையும் பெரும்பாலும் நாற்காலியோரம் தொங்கிக்கொண்டிருக்கும். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கையை மேசைமேல் தாங்கி வைத்து அளப்பதோடு ஒப்பிட்டால், மடியில் வைத்து அளக்கும்போது சிஸ்டொலிக் அளவு சராசரியாக 3.9 மில்லிமீற்றரும், தொங்கவிட்டு அளக்கும்போது 6.5 மில்லிமீற்றரும் கூடுதலாகக் காட்டும்.

ஒரு கிளினிக்கில், கொழுந்து பறிக்கும் ஐம்பது வயது கடந்த ஒரு அம்மாவுக்கு இப்படி அளந்தபோது 158 வந்தது. அவருடைய கிளினிக் கொப்பியின் முன்பக்கங்களில் 130 ஐ ஒட்டிய அளவுகளே இருந்தன, அவற்றை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. 120 ஐ எட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டு மருந்துகளை ஒரே நாளில் கூட்டினார்கள். சில நாட்களின் பின் மலையில் கூடையோடு தலை சுற்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வந்தார். "எழும்பினா கண்ணு இருட்டுது டொக்டர்" என்றார். நிற்க வைத்து அளந்தபோது 96. ஸ்பிரின்ட் ஆய்விலேயே 120 ஐ நோக்கிய பிரிவில் அழுத்தம் மிகக் குறைதல், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அதிகம் பதிவாகியிருந்தன. சரிவில் நின்று நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அந்த மயக்கம் என்னவாக முடியும் என்பதை மருந்து எழுதுபவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண் மாதக்கணக்கில் சம்பளத்தை இழந்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

நேரம் போதாது என்ற பதிலை நான் ஏற்பதில்லை. காத்திருக்கும் வரிசையை உட்கார்ந்திருக்கும் வரிசையாக மாற்றினாலே அந்த 5 நிமிடம் கிடைத்துவிடும், மடித்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கையின் கீழ் வைத்தால் பட்டை இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடும். மருந்தைக் கூட்டுவதற்கு முன் நிற்க வைத்தும் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

ஒரே பட்டையை எல்லோருக்கும் கட்டுதல்

2023 ஆம் ஆண்டின் இன்னொரு அமெரிக்க ஆய்வில், சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழமையான பட்டை 3.6 மில்லிமீற்றர் குறைத்தும், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 மில்லிமீற்றர் கூட்டியும் காட்டியது. தோட்டங்களில் மெலிந்த கைகளையே அதிகம் காண்கிறோம், ஆகவே மறைந்துபோகும் உயர் அழுத்தமும் இங்கே உண்டு.

25 சதவீதம் என்று மட்டும் சொல்லுதல்

ஸ்பிரின்ட் ஆய்வில் மாரடைப்பு போன்றவை நேர்ந்தது 140 ஐ நோக்கிய பிரிவில் ஆண்டுக்கு 2.19 சதவீதம், 120 ஐ நோக்கிய பிரிவில் 1.65 சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவரை அதே ஆய்வில் சேர்த்துவிடுதல்

ஸ்பிரின்ட் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு 2024 இல் வெளியான பிபிரோட் (BPROAD) என்ற சீன ஆய்வை வாசியுங்கள்.

நம் நாட்டு ஆய்வுகளை வாசியாதிருத்தல்

2018 இல் வெளியான ட்ரையம்ப் ஆய்வு இலங்கையிலேயே 700 பேரிடம் நடந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினர், வழமையான சிகிச்சையில் 55 சதவீதத்தினரே எட்டினர். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 2020 இல் வெளியான கோப்ரா ஆய்வில், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்கே சென்று அளந்து ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பியதால், வழமையான பராமரிப்பைவிட சிஸ்டொலிக் அழுத்தம் 5.2 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்தது. கிளினிக்குக்கு வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று லயத்து வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்களுக்கு நாம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி இதுதான்.

கேளாமலே மருந்தைக் கூட்டுதல்

போன மாதம் கொடுத்த மாத்திரையில் எத்தனை மீதி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.