பெரிய வயிற்று ஆபரேஷனில் ட்ரிப்பை எப்போது திறப்பது, எப்போது நிறுத்துவது

புதிதாக மயக்கவியல் படிப்பவர்களுக்காக இது. பிபி இறங்கியதும் கை தானாக ட்ரிப் பக்கம் போகும், கொஞ்சம் பொறுங்கள். மயக்க மருந்தோ எபிடியூரலோ (முதுகுத்தண்டு வழியாகக் கொடுக்கும் மரப்பு மருந்து) ரத்தக் குழாய்களைத் தளர்த்தியதால் இறங்கிய பிபி என்றால் அதற்கு மருந்து நார்அட்ரினலின் போன்ற வாசோபிரசர் (ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து)தான், இன்னொரு பாட்டில் ரிங்கர் லாக்டேட் இல்லை.

முன்பெல்லாம் திறந்த வயிற்றிலிருந்து ஆவியாவது, 'மூன்றாவது இடத்துக்கு' (ரத்தக் குழாய்க்கும் செல்லுக்கும் வெளியே, உடலுக்குப் பயன்படாத இடத்தில் தேங்குவது) போவது என்று கணக்குப் போட்டு மணிக்கு கிலோவுக்கு 10 மில்லி வரைகூட ஓட்டினார்கள். அதனால் குடல் வீங்கும், நுரையீரலில் நீர் சேரும். சரி, ஒரேயடியாகக் குறைத்துவிடலாமா? அதுவும் வேண்டாம். 2018-ல் வெளியான ரிலீஃப் ஆய்வில் சுமார் 3000 நோயாளிகள். திரவத்தை இறுக்கிக் குறைத்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது, தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம். ஆகவே ஆபரேஷன் முடியும்போது ஒன்றிரண்டு லிட்டர் கூடுதலாக இருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பரவாயில்லை.

முதலில், தெளிந்த திரவங்களை 2 மணி நேரம் முன்புவரை குடிக்க விடுங்கள் (வயிறு காலியாகாத, குடல் அடைப்புள்ள கேஸுக்கு இது பொருந்தாது). நள்ளிரவிலிருந்து சொட்டுத் தண்ணீர் கூடாது என்று வைத்தால் காய்ந்து போய்த்தான் மேஜைக்கு வருவார். திரவத்தில் ரிங்கர் லாக்டேட் மாதிரி சமநிலைக் கரைசல் நல்லது. நார்மல் சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல், லிட்டர் கணக்கில் ஓட்டினால் ரத்தம் அமிலமாகும்.

சந்தேகம் இருந்தால் 250 மில்லியை 10 நிமிடத்தில் கொடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தம்) 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால் இதயம் அதை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், ஆனால் ஏறிவிட்டது என்பதற்காகவே அடுத்ததைத் திறக்காதீர்கள், ஆரோக்கியமானவருக்கும்தான் ஏறும்! பல்ஸ் பிரஷர் வேரியேஷன் (வென்டிலேட்டர் மூச்சோடு நாடி அழுத்தம் ஏறி இறங்கும் அளவு) 13 சதவீதத்துக்கு மேல் போனாலும், திரவம் கொடுத்தால் இதயம் ஏற்கும் என்பதற்கு அது ஒரு துப்புதான். இதயத்துடிப்பு ஒழுங்காக இருந்து, வென்டிலேட்டரில் டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்று) கிலோவுக்கு 8 மில்லியாவது இருந்தால்தான் அதை நம்பலாம், லேப்ராஸ்கோபியில் வயிற்றில் கேஸ் ஏற்றியிருக்கும்போது நம்புவது கஷ்டம்.

சராசரித் தமனி அழுத்தம் 65 mmHg-க்குக் கீழே நீடிக்க விடாதீர்கள், பழைய ரத்தக்கொதிப்புக்காரருக்கு இன்னும் கொஞ்சம் மேலே வையுங்கள். சிறுநீர் குறைந்ததை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அறுவையின் அழுத்தத்தில் ஏடிஎச் (சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன்) கூடி அது குறைவது சகஜம். ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது கூடுவது) ஏறுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். ரத்தப்போக்கு என்றால் கதை வேறு: உறிஞ்சி பாட்டிலோடு நனைந்த துணிகளையும் கணக்கில் எடுங்கள், ரத்தம் சீக்கிரம் கேளுங்கள். அப்புறம் வார்டில், நோயாளி நன்றாகக் குடிக்க ஆரம்பித்ததும் ட்ரிப்பை நிறுத்தச் சொல்லி நோட்டில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.