ஆகாயத்தாமரையை அடக்கும் தத்துப்பூச்சியை வளர்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவை ஒட்டிய லாடியத்துக் குடும்பங்களுக்கு ஹார்ட்பீஸ்பூர்ட் அணை பக்கம்தான். ஆனால் படகு இறக்கும் கரையில் ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியாத நாள்கள் உண்டு. ஜொஹானஸ்பர்க் பக்கத்துக் கழிவுநீர் குரோக்கடைல் ஆற்றில் கலந்து இங்கே வந்து சேர்கிறது. ஆகாயத்தாமரைக்கு அதுவே உரம். நல்ல வெயில் காலத்தில் 2 வாரத்திலேயே இரு மடங்காகப் பெருகிவிடும். விதை சேற்றுக்குள் 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். வாரிக் கரையில் போடுவதோடு வேலை முடியாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இந்தச் செடியின் சாற்றை உறிஞ்சியே வாழும் தென் அமெரிக்கத் தத்துப்பூச்சி ஒன்று உண்டு: மெகமிலஸ் ஸ்கூட்டெல்லாரிஸ். தென்னாப்பிரிக்காவில் 2013 முதல் விடுகிறார்கள். ஹார்ட்பீஸ்பூர்ட்டில் பெருமளவில் விட்ட பிறகு, அணைப் பரப்பில் 37 விழுக்காட்டுக்கும் மேல் பரவியிருந்த செடி 2020 வாக்கில் 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அணைக்கரைவாசிகளும் பூச்சி வளர்த்துக் கொடுத்தார்கள். நாமும் வளர்க்கலாம்.

முதலில் அனுமதி. ஆகாயத்தாமரையை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை. எனவே ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டுப்பாட்டு மையத்தைத் தொடர்புகொண்டு, பூச்சியையும் வழிகாட்டுதலையும் அவர்களிடமே பெறுங்கள்.

அடுத்து தொட்டி. வெயில் படும் இடத்தில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி வைத்து, தண்ணீர் நிரப்பி, ஆகாயத்தாமரைச் செடிகளை மிதக்கவிட்டு, மெதுவாகக் கரையும் உரம் கொஞ்சம் போடுங்கள். செடி செழிப்பாக இருந்தால்தான் பூச்சி பெருகும். மெல்லிய வலையால் மூடுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் இடம் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பூச்சியை விட்டபின் பொறுமை வேண்டும். முட்டை பொரித்து முழுப் பூச்சியாக ஏறக்குறைய 25 நாள் ஆகும். இலைக்காம்பின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் அளவில் பழுப்பு நிறப் பூச்சிகள் ஒட்டியிருக்கும்; விரல் நெருங்கினால் தண்ணீரின் மேலேயே துள்ளி ஓடும். இலை ஓரம் பழுப்பேறிச் சுருளத் தொடங்கினால் வேலை நடக்கிறது என்று பொருள். புதுச் செடிகளைச் சேர்த்துக்கொண்டே இருங்கள்.

தொட்டி நிறையப் பூச்சி ஆனதும், செடியோடு சேர்த்தே அணைக்குக் கொண்டுபோங்கள். இவற்றில் பெரும்பாலானவை குட்டைச் சிறகு உள்ளவை, தாமாக வெகுதூரம் பறக்காது. முட்டைகளும் காம்புக்குள்தான் இருக்கின்றன. காற்றும் அலையும் குறைந்த விரிகுடாவில், நலமான செடிகளுக்கு நடுவே செருகிவையுங்கள். படகில் போகிறவர் உயிர்காப்பு உடை அணியாமல் இறங்க வேண்டாம். அந்த இடத்தில் களைக்கொல்லி தெளித்தால் செடியோடு பூச்சியின் உணவும் போய்விடும். அணையைப் பராமரிப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஹைவெல்ட் என்னும் நம் மேட்டுநிலத்தின் உறைபனியில் பூச்சிகள் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் தொட்டியைக் கூடாரத்துக்குள் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பரில் வெயில் ஏறத் தொடங்கியதும் மறுபடி விடுங்கள். படகையும் டிரெய்லரையும் வேறு ஏரிக்கு எடுத்துப் போகுமுன் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துண்டையும் பறித்துப் போடுங்கள்.