பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பதா, ரெடி பண்ணுவதா: முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்போதும் எங்காவது தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நிற்கிறது. எம்ஜி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் இல்லையென்றால் நம்ம ஊரிலேயே தயாரான இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஆசையாக வாங்கியவர் காலமாகியிருப்பார், பிள்ளைகளில் ஒருவர் விற்றுவிடலாம் என்பார், இன்னொருவர் அப்பா வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பார். எந்தப் பக்கம் பேசுகிறவராக இருந்தாலும், முடிவு எடுக்கும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். ஓடாவிட்டாலும் முழுசாக நிற்கும் வண்டிக்கு ஆள் வருவார்கள், பிரித்து அட்டைப்பெட்டிகளில் போட்ட வண்டிக்கு யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் என்ன குறைகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் கேட்பார்கள், ஸ்டார்ட் ஆகுமா என்று. அது கடைசிக் கேள்வி. சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணவும், கிராங்க் அரைக்கவும், வால்வு சீட் வெட்டவும் நம்மூரில் லேத்துகள் இருக்கின்றன. பணத்தைத் தின்பது பாடி. கடலோரத்தில் உப்புக்காற்றில் வருஷக்கணக்கில் நின்ற தகரம் மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் சொத்தையாக இருக்கும். 2015 வெள்ளமோ 2023 டிசம்பர் புயல் மழையோ ஷெட்டுக்குள் புகுந்திருந்தால் பிரேக் டிரம், டிஃபரென்ஷியல், வயரிங் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம் எல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான். அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள்) சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம், அதனால் டிங்கர் வேலைக்கு வசதி. ஸ்பிட்ஃபயர் அதே வம்சம்தான், ஆனால் அதில் கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதியும் பாரம் தாங்குகிறது. அது துருப்பிடித்திருந்தால் நடுவில் வண்டி தொய்யும், கதவு இடுக்கு மேலே குறுகிக் கீழே விரியும். எம்ஜி டிசி, டிடி என்றால் பாடிக்குள் மரச்சட்டம் இருக்கிறது, கரையான் போயிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்சக்கரத்தில் ட்ரனியன் என்று ஒரு பித்தளைப் பாகம் உண்டு. அதற்கு கியர் ஆயில்தான் போட வேண்டும், நம்மூரில் கிரீஸ் அடித்தே பழக்கப்பட்டிருப்பார்கள். அதில் திருகியிருக்கும் எஃகுத் தண்டு முறிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். நல்லவேளையாக இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள், அதைச் செய்யாமல் விற்கவே போகாதீர்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு இருக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸையோ பாடியையோ இன்ஜினையோ மாற்றியமைத்த வண்டிக்கு இது கிடையாது. எப்போதோ டீசல் இன்ஜின் போட்ட வண்டி என்றால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். விண்டேஜ் பதிவில் தினமும் ஆபீசுக்கு ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு இதற்குத்தான்.

கடைசியாக இன்ஜின். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறியபின் கையால் சுற்றிப் பாருங்கள், செல்ஃப் வேண்டாம். சுற்றினால் நல்லது, இறுகியிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஓட்டப்போவதாக இருந்தால் பெட்ரோல் ஓஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியே ஆக வேண்டும், இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் கரைகிறது.

என் கணக்கு இதுதான்: சேஸிஸும் கதவு இடுக்கும் நேராக, பேப்பர் சுத்தமாக இருந்தால் ரெடி பண்ணுங்கள், இன்ஜின் செத்திருந்தாலும் சரி. சேஸிஸ் போயிருந்து பேப்பரும் குழப்பம் என்றால், எவ்வளவு பாசம் இருந்தாலும் விற்பதுதான் அந்த வண்டிக்கே நல்லது, அதன் நல்ல பாகங்கள் இன்னொரு வண்டியை ஓட வைக்கும். பேப்பர் சரி, பாடி மட்டும் மோசம் என்றால், வெல்டிங் தெரிந்த டிங்கர் ஒருவரை நேரில் காட்டி, வேலை வேலையாகப் பிரித்து எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

விற்பதென்று முடிவானால் பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வாங்குபவர் நினைப்பார். தூசியை மட்டும் துடைத்து, துருப்பிடித்த இடங்களையும் சேர்த்தே போட்டோ எடுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் நடந்த சோழவரம் ரேஸில் ஓடிய வண்டி என்று வீட்டில் சொல்வார்களே, அந்தக் காலப் போட்டோவோ நிகழ்ச்சித் தாளோ இருந்தால் தேடி எடுங்கள், விலையைத் தூக்கும். வெறும் வாய்ச்சொல்லுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தானதும் நகல் வைத்துக்கொண்டு, பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.