அண்டை நாடுகள் சதுரங்கக் காய்கள் அல்ல: தெற்காசிய அரசியல் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்துகொண்டிருந்த 2025 மே 8 இரவு, பதினொரு மணிக்கு மேல் மைத்துனர் போன் செய்தார். "மாமா, கராச்சி துறைமுகத்தை நம்ம நேவி அடிச்சிடுச்சாம். டிவியைப் போடுங்க" என்றார். போட்டேன். இரண்டு மூன்று சேனல்களில் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் ஒரு வீடியோவும் வந்துவிட்டது. இருட்டில் தரையிலிருந்து சிவப்புக் கோடுகள் வரிசையாக மேலே போகின்றன, ஒரு விமானம் வளைந்து திரும்புகிறது, வெடிக்கிறது. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் உறைத்தது. படம் பிடித்தவரின் கை துளிகூட ஆடவில்லை. வெகுதூரத்தில் வெடித்ததன் சத்தம் வெளிச்சத்தோடு சேர்ந்தே வருகிறது. அது ஒரு கணினி விளையாட்டின் காட்சி. பாகிஸ்தான் தரப்பிலும் அந்த நாட்களில் இதே மாதிரியான விளையாட்டுக் காட்சிகள்தான் சுற்றின. கராச்சி துறைமுகத்துக்கு எதுவும் ஆகவில்லை. மறுநாளும் அது வழக்கம்போல இயங்கியது.

மோதல் நடக்கும்போது வரும் முதல் செய்தியை நம்பி முடிவுக்கு வருவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. "ஒரு விமானம்கூட விழவில்லை" என்றும் "ஆறு விழுந்தது" என்றும் அந்த வாரம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் இந்திய விமானப்படைக்கு இழப்பு ஏற்பட்டதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டது மே 31 அன்று. எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை. பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தினோம் என்று விமானப்படைத் தலைவர் ஏ.பி.சிங் சொன்னது ஆகஸ்டில். பாகிஸ்தான் அதை மறுத்தது. சண்டை நிறுத்தம் மே 10 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் பாருங்கள். ஒரு தரப்பு தனக்குச் சாதகமாகச் சொல்வது முதல் மணி நேரத்திலேயே வந்துவிடும். தனக்குப் பாதகமானதை அதே தரப்பு ஒப்புக்கொள்ள வாரங்கள் ஆகும். அப்படித் தாமதமாக வரும் ஒப்புதலுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பொய் வீடியோவைக்கூட ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். வருடக்கணக்கில் நம் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் தவறுகள் வேறு வகை. அவற்றில் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: பக்கத்து நாட்டுக்கும் ஒரு சொந்த அரசியல் இருக்கிறது, அங்கேயும் கரண்ட் பில் கட்ட முடியாமல் கோபப்படுகிற மக்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் "இந்தியாவே வெளியேறு" என்ற முழக்கத்தோடு முய்சு அதிபர் தேர்தலில் ஜெயித்தார். உடனே "மாலத்தீவு சீனாவின் கைக்குப் போய்விட்டது" என்று எழுதினோம். அங்கிருந்த எண்பது பேர் அளவிலான இந்திய ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் திரும்பினார்கள். அது நடந்த ஐந்தே மாதத்தில் அதே முய்சு டெல்லிக்கு வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி வாங்கிக்கொண்டு போனார். 2025 ஜூலையில் மாலத்தீவின் 60ஆவது சுதந்திர தினத்துக்குச் சிறப்பு விருந்தினராகப் போனவர் மோடி. முய்சு நடுவில் மனம் மாறினார் என்று நான் நினைக்கவில்லை. கையில் டாலர் இல்லாத ஒரு சின்ன நாட்டின் அதிபர், எங்கே கிடைக்கிறதோ அங்கே போகிறார். "சீன ஆதரவாளர்", "இந்திய ஆதரவாளர்" என்ற முத்திரைகள் ஒரு தேர்தல் வரைகூடத் தாங்குவதில்லை.

இதே நோயின் இன்னொரு வடிவம் "வெளிநாட்டுச் சதி". 2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறியதும், பின்னணியில் அமெரிக்காவா, பாகிஸ்தானா என்பதுதான் இங்கே விவாதமாக இருந்தது. அந்தக் கிளர்ச்சி அரசு வேலை இடஒதுக்கீட்டில் தொடங்கியது. விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ஜூனில் திரும்பக் கொண்டுவந்தது. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 16 அன்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர், இரு கைகளையும் விரித்துக்கொண்டு காவல்துறைக்கு முன்னால் நின்றார், சுட்டார்கள். அதை நாடே வீடியோவில் பார்த்தது. உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை 5 சதவீதமாகக் குறைத்தபோது ஜூலை 21 ஆகிவிட்டது. விவகாரம் ஒதுக்கீட்டைத் தாண்டிப் போயிருந்தது. அந்த வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை. இத்தனை பேர் செத்த பிறகு ஒரு ஆட்சி விழுவதற்கு வெளியிலிருந்து யாராவது வந்து தள்ளத்தான் வேண்டுமா? 2025 செப்டம்பரில் நேபாளம் எரிந்தபோதும் நாம் அதே கேள்வியோடுதான் தொடங்கினோம். சமூக ஊடகத் தடை, தலைவர்களின் பிள்ளைகள் காட்டிய ஆடம்பரம், முதல் நாளிலேயே விழுந்த 19 பிணங்கள் எல்லாம் கடைசிப் பத்திக்குப் போய்விட்டன.

வெளிநாடுகள் தலையிடுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நெருப்பு பிடித்த பிறகு குளிர்காய வருகிறவர்கள் எப்போதும் உண்டு. பற்றவைத்தது யார் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் அந்த நாட்டுக்குள்ளேயே தேட வேண்டும்.

ஹம்பாந்தோட்டை: பாதி உண்மை

இலங்கை என்றாலே "சீனாவின் கடன் பொறியில் சிக்கித் துறைமுகத்தை இழந்த நாடு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். கணக்கைப் பிரித்துப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன்.

2017இல் ஹம்பாந்தோட்டையை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தபோது கிடைத்த 112 கோடி டாலர், துறைமுகத்துக்காக வாங்கிய சீனக் கடனை அடைக்கப் போகவில்லை. அந்தக் கடன் இலங்கை அரசின் கணக்கிலேயே நின்றது. வந்த பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தேற்றப் பயன்பட்டது. ஏன் தேற்ற வேண்டியிருந்தது? 2007இலிருந்து இலங்கை உலகச் சந்தையில் விற்றுவந்த அரசுப் பத்திரங்களுக்காக. சீன வங்கிக் கடனைப் பல வருடங்களில் தவணையாகக் கட்டலாம். பத்திரம் அப்படியல்ல, முதிர்வு நாளன்று மொத்த அசலையும் ஒரே காசோலையில் கொடுத்தாக வேண்டும். 2022 ஜனவரியில் கொழும்பில் சமையல் எரிவாயுவுக்கு வரிசை நின்ற அதே நாட்களில், 50 கோடி டாலர் பத்திரம் ஒன்றுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது அரசு. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, இனி வெளிக்கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது.

அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சுற்றுலா படுத்தது. அந்த ஆண்டு இறுதியில் கோட்டாபய அரசு மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. பிறகு கொரோனா. 2021இல் ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு, வயலில் விளைச்சல் சரிந்த பின் அந்த ஆண்டே திரும்பப் பெற்றது. இவை கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகள். பெய்ஜிங்கைத் திட்டுவதால் லாபமடைகிறவர்கள் அந்த முடிவுகளை எடுத்தவர்கள்தான்.

சீனா யோக்கியம் என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் கட்டக் கடனுக்கு 6.3 சதவீத வட்டி. ஒப்பந்த விவரங்களில் ஒளிவுமறைவு. 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள், ஏவுகணைகளைக் கண்காணிக்கும் சீனக் கப்பல் 'யுவான் வாங் 5' அங்கே வந்து நின்றது இந்தியா கவலைப்பட வேண்டிய விஷயமே. கடன் கணக்கையும் கடற்படைக் கணக்கையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

"தண்ணீரை நிறுத்திவிட்டோம்"

காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, பாகிஸ்தானுடனான 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. காகிதத்தில் நிறுத்துவதும் ஆற்றை நிறுத்துவதும் ஒன்றல்ல. காவிரிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஆற்றை நிறுத்த அணை வேண்டும், அணைக்குள் இடம் வேண்டும். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. செனாப் ஆற்றில் உள்ள பக்லிஹார் அணையில் மின் உற்பத்திக்காகத் தேக்கி விடக்கூடிய நீர் 1 டி.எம்.சி.க்குச் சற்று மேல். அந்த அளவையும் 2007இல் நடுநிலை நிபுணர் ஒருவர் இந்தியா கேட்டதைவிடச் சற்றுக் குறைத்தே கொடுத்தார். சிந்துவும் ஜீலமும் செனாபும் கோடையில் கொண்டுவரும் வெள்ளத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

அதனால் ஒப்பந்தத்தை நிறுத்தியதற்கு விளைவே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. விளைவு, நேரத்தில் இருக்கிறது. அணையின் வண்டலை எப்போது கழுவி விடுவது, வெள்ள அளவை எப்போது சொல்வது என்பதெல்லாம் ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்த விஷயங்கள். கட்டு அவிழ்ந்தால், விதைப்பு நேரத்தில் சில நாட்கள் ஆறு வற்றினாலே போதும், கீழே பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் விவசாயிக்கு அது பெரிய அடி. அந்த விவசாயி பஹல்காமில் சுட்டவர் இல்லை. பயங்கரவாதத்துக்குப் பதிலடி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. தண்ணீரை ஆயுதமாக்குவதை, கடைமடையில் உட்கார்ந்திருக்கும் நாம் கைதட்டி வரவேற்கக் கூடாது என்பதிலும் கிடையாது.

கச்சத்தீவு: நமக்கே கண் மறைக்கும் இடம்

நம்மவர்கள் அதிகம் தவறுவது, தொலைவில் உள்ளதை விட வாசலில் உள்ளதில்தான். 1974 ஒப்பந்தம் 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் சேர்த்தது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் போய்வரும் உரிமை அதில் எழுதப்பட்டது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதைத் தடுத்தவை 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சட்டமன்றத்தையோ கடற்கரை மக்களையோ கேட்காமல் டெல்லி கொடுத்தது அநியாயம்தான். அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் தீவு நாளைக்கே திரும்பி வந்தால் மீனவர் பிரச்சினை தீர்ந்துவிடுமா? கைதுகள் பலவும் நடப்பது கச்சத்தீவையும் தாண்டி, நெடுந்தீவுப் பக்கம். தீவு நம்முடையதானாலும் அந்தக் கடல் இலங்கையுடையதாகவே இருக்கும். அங்கே போகும் நம் விசைப்படகுகள் கடல் தரையோடு மடிவலையை இழுத்துக்கொண்டு போகின்றன. குஞ்சு, சினை, பவளம் எதையும் அது விட்டுவைக்காது. இலங்கை இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

அந்தக் கரையில் இருப்பவர் யார்? யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழர். போர் நடந்த காலத்தில் அவர்கள் கடலுக்குப் போகக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2009க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கி இறங்கினார்கள். சாயங்காலம் சின்னப் படகில் போய் வலையைப் படுத்துவிட்டு விடியற்காலையில் எடுக்கப் போனால், மிதவை ஒன்றிரண்டும் அறுந்த கயிற்று முனையும் கைக்கு வரும். மற்றதெல்லாம் இழுவைப் படகோடு போயிருக்கும். "தமிழக மீனவர் எதிர் சிங்களக் கடற்படை" என்று மட்டும் எழுதுகிற செய்தியில் இந்த மனிதருக்கு இடமே கிடையாது. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சுட்டுக் கொன்றதும், 2024 ஆகஸ்ட் 1 அன்று அதன் கப்பல் மோதி இராமேஸ்வரம் மீனவர் ஒருவர் உயிரிழந்ததும், படகுகளைப் பறிமுதல் செய்து அழுக விடுவதும் மன்னிக்க முடியாதவை. அவற்றைக் கண்டிக்கிற அதே மூச்சில் அறுந்த வலையையும் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும்.

இலங்கைத் தமிழரை ஒரே குரலாக நினைப்பதும் இங்கிருந்துதான் வருகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரின் கதை வேறு. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் கதை வேறு. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்களில் மூன்றை அதிபர் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி கட்சிக்கு அந்த மக்கள் கொடுத்தபோது, இங்கே பலருக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. துரோகம் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். வாக்குப் போட்டவர்கள் காணி, வேலை, ஊழல் என்று தங்கள் காரணங்களைத் தாங்களே சொன்னார்கள். கேட்டிருந்தால் போதும்.

இராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது வழக்கமாகத் திங்கள், புதன், சனி. அக்கரையில் சின்னப் படகுக்காரர்கள் இந்த மூன்று நாட்களையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வலை மிஞ்ச வேண்டுமே என்று அந்த இரவுகளில் அவர்களில் பலர் கடலுக்குப் போவதில்லை.