ஏஜென்ட் சிமுலேஷன்: விதி சரி, வரிசை தவறு

ஏஜென்ட் சிமுலேஷன் (தனித்தனி விதிப்படி நடக்கும் பல 'ஏஜென்ட்'களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி) எழுதுபவர்கள் விதிகளைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். ஏஜென்ட்கள் எந்த வரிசையில் இயங்குகின்றன என்பதில் கோட்டை விடுகிறார்கள். 1992-இல் ஆய்வாளர்கள் நோவாக்கும் மேயும் வெளியிட்ட 'கைதிகளின் இக்கட்டு' (ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு) மாதிரியில், கட்டங்களில் இருந்த ஏஜென்ட்களிடையே ஒத்துழைப்பு நிலைத்து நின்றது. மறு ஆண்டே ஹூபர்மனும் கிளான்ஸும் அதே விதிகளுடன், எல்லோரும் ஒரே சமயத்தில் மாறாமல் ஒருவர்பின் ஒருவராக மாறும்படி ஓட்டினார்கள். ஒத்துழைப்பு அழிந்தே போனது. வேறு அளவுருக்களில் அது தப்பிப் பிழைக்கும் என்று பின்னர் தெரிந்தாலும், எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

ஆகவே ஒருவர்பின் ஒருவரா, எல்லோரும் ஒரே சமயத்திலா என்று முதலில் முடிவெடுங்கள். ஒருவர்பின் ஒருவர் என்றால் ஒவ்வொரு படியிலும் பட்டியலைக் கலைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் முதலில் நிற்கும் ஏஜென்டுக்கே எப்போதும் உணவு கிடைக்கும். ஏஜென்ட் சிமுலேஷனுக்கான மென்பொருளான நெட்லோகோவின் 'ஆஸ்க்' கட்டளை தானாகவே கலைத்துவிடும்; பைத்தான் லிஸ்ட் கலைக்காது. எல்லோரும் ஒரே சமயத்தில் என்றால், பழைய நிலையைப் படித்துப் புதிய நிலையைத் தனி மாறியில் கணக்கிட்டு, கடைசியில் மொத்தமாக மாற்றுங்கள். பாதி அண்டைவீட்டார் பழைய நிலையிலும் பாதி புதிய நிலையிலும் இருப்பதுதான் மிக மோசம். இறந்த ஏஜென்டை லூப்பின் நடுவே லிஸ்டிலிருந்து நீக்கினால் அடுத்த ஏஜென்ட் தவறிப்போகும். குறித்துவைத்துப் படி முடிந்தபின் நீக்குங்கள்.

ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். பிழை தேடும்போது ஒரே ரேண்டம் சீட் (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) போதும். முடிவுக்கு வெவ்வேறு சீட்களில் 30 முறையாவது ஓட்டி, சிதறல் நிலைப்படுகிறதா என்று பாருங்கள். சராசரியை மட்டும் நம்புவதும் ஆபத்து. பாதி ஓட்டங்களில் கூட்டம் அழிந்து, பாதியில் நிரம்பி வழிந்தால், சராசரி காட்டும் நிலை எந்த ஓட்டத்திலும் நடந்திராது! இரண்டு சூழல்களை ஒப்பிடும்போது சுற்றுச்சூழலுக்கும் ஏஜென்ட் முடிவுகளுக்கும் தனித்தனி ரேண்டம் ஜெனரேட்டர் வையுங்கள். ஒரே ஜெனரேட்டரில் கூடுதலாக ஒரு எண் எடுத்தாலே பின்னால் வருவதெல்லாம் மாறிவிடும்.

பணம் கைமாறும் மாதிரியில் ஒவ்வொரு படியிலும் மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அது மாறினால் எங்கோ பிழை.

வேகம்: 10,000 ஏஜென்ட்கள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பார்த்தால், படிக்கு ஏறக்குறைய 10 கோடி தூரக் கணக்குகள். பார்வை ஆரத்தையே பக்க அளவாகக் கொண்ட கட்டங்களாகப் பரப்பைப் பிரித்தால், தன் கட்டமும் சுற்றியுள்ள எட்டும் போதும். ஒரு விளிம்பைத் தாண்டினால் எதிர் விளிம்பில் நுழையும்படி விளிம்புகள் ஒட்டிய பரப்பென்றால், தூரத்தையும் விளிம்பைச் சுற்றியே அளக்க வேண்டும்.