ஓட்டையெல்லாம் குண்டுத் துளை அல்ல: பழைய குதிரைப்படைக் கொடிகளைப் பார்க்கையில்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தன்னார்வக் குதிரைப்படைகள் ஏந்திய துணி எதைப் பார்த்தாலும் 'ரெஜிமென்ட் கொடி' என்று சொல்லிவிடுகிறோம். அங்கேயே தவறு ஆரம்பிக்கிறது. ரெஜிமென்ட்டுக்கு உரியது 'ஸ்டாண்டர்ட்': நீலப் பட்டில் கழுகு, அதன் கீழே ரெஜிமென்ட்டின் பெயர். கைடன் என்பது ரெஜிமென்ட்டின் உட்பிரிவான கம்பெனி ஒவ்வொன்றும் ஏந்திய சின்னக் கொடி. கம்பத்தருகே 27 அங்குல உயரம், வால் நுனிவரை 41 அங்குல நீளம், கரிச்சான் வால் மாதிரி பிளந்த முனை. காலாட்படையின் ஆறடிக் கொடியைக் குதிரை மேல் பிடித்துக்கொண்டு ஓட முடியுமா? அதனால்தான் இவ்வளவு சின்னது.

அடுத்தது, காலத்தைக் குழப்புவது. 1834 முதல் கைடன் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. 1862-இல் அது நட்சத்திரமும் பட்டைகளுமாக மாறியது. 1885-இல் மறுபடி சிவப்பு வெள்ளைக்கே திரும்பிவிட்டார்கள். ஆகவே 1898-இல் கியூபா போன தன்னார்வக் குதிரைப்படையின் கைடன் என்று யாராவது நட்சத்திரக் கைடனைக் காட்டினால், சந்தேகப்படுங்கள். 'ஜே' கம்பெனிக் கைடன் என்றால் சந்தேகமே வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஒரு ரெஜிமென்ட்டில் ஏ முதல் எம் வரை பன்னிரண்டு கம்பெனிகள். நடுவில் ஜே கிடையாது. மாநிலத்துக்கு ஒரு நட்சத்திரம் என்பதால், நட்சத்திரங்களை எண்ணி ஆண்டு சொல்வார்கள். அதிலும் ஒரு சிக்கல். 35 நட்சத்திரம் 1863 ஜூலையில் வந்தது. அதற்காக அன்றைக்கே பழைய கைடன்களை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை.

நான் அதிகம் கேட்ட தவறு, ஓட்டையெல்லாம் குண்டு துளைத்தது என்பது. சில அப்படித்தான். ஆனால் அலமாரியில் மடித்தே வைத்த பட்டுச்சேலை மடிப்போடு விண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். கொடியும் அதே பட்டுதான். தங்க நிறத்தில் தீட்டிய நட்சத்திரங்கள் இன்னும் மோசம். பெயின்ட் காய்ந்து விறைத்துவிடும், சுற்றியிருக்கும் பட்டு மெல்லியது. நட்சத்திரத்தின் விளிம்பிலேயே கிழிந்து, நட்சத்திர வடிவில் ஒரு ஓட்டைதான் மிஞ்சும். நினைவுக்காகப் பழைய சிப்பாய்கள் கத்தரித்துப்போன துண்டுகள் வேறு.

சரி, கையில் ஒன்று கிடைத்துவிட்டதா? துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பின்னால் துணி வைத்துத் தைக்காதீர்கள். அமெரிக்கத் தேசியகீதத்துக்குக் காரணமான அந்தப் பெரிய கம்பளிக் கொடிக்கே 1914-இல் ஏறத்தாழ 17 லட்சம் தையல் போட்டு லினன் துணி பிடித்தார்கள். 1999-இல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

மேலே பூசியதைச் சுரண்டி 'அசலை' வெளியே எடுக்கும் ஆசையும் வேண்டாம். பூசியதும் கொடியின் வரலாறுதான். பிலடெல்பியாவின் தன்னார்வக் குதிரைப்படை 1775-இல் பெற்ற மஞ்சள் பட்டுக் கொடியின் மூலையில் நீலமும் வெள்ளியுமாகப் பதின்மூன்று பட்டைகள் இருக்கின்றன. அவை பிறகு பூசியவை. அடியில் முதலில் வரைந்த பிரிட்டிஷ் கொடியின் தடம் இன்னமும் தெரிகிறது.