ஐசியூ நர்சுகளே, கிளவுஸை ரொம்ப நம்பாதீர்கள்

கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை எந்த ஐசியூ நர்ஸைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: நோயாளியைத் தொடும் முன், ரத்தக்குழாயில் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) போடுவது மாதிரி சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ சளியோ பட்டிருக்கலாம் என்றால் அதன் பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையோ மானிட்டரையோ தொட்ட பின். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே பம்ப் அலாரம் அடிக்க, பக்கத்து பெட்டில் ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்க, ஓடுகிற ஓட்டத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். அதனால் ஞாபகத்தை நம்பாமல் வேலையை மாற்றி அடுக்குங்கள்.

ஷிஃப்ட் ஏறியதும் ஒவ்வொரு பெட்டிலும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) கைக்கு எட்டுகிறதா, பாட்டில் காலியா என்று பார்த்து, இல்லையென்றால் அப்போதே இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, கை காயும்வரை. கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்கு சி. டிஃபிசைல் என்ற குடல் கிருமியால் பேதி என்றாலோ சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. அந்தக் கிருமியின் ஸ்போர் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாகாது.

அடுத்து வரிசை. ஒரு பெட்டுக்குப் போகும் முன் அங்கே செய்ய வேண்டியதையெல்லாம் யோசித்து, வேண்டிய பொருளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, சுத்தமானதில் தொடங்கி அழுக்கில் முடியுங்கள். முதலில் பெரிய ரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைனில் மருந்து (சிரிஞ்சைப் பொருத்தும் வாயான ஹப்பை ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் சிரிஞ்ச்), பிறகு சளியை உறிஞ்சும் சக்‌ஷன், கடைசியாக யூரின் பேக். அவசரமாக நடுவில் சக்‌ஷன் செய்ய வேண்டி வந்தால் செய்துவிட்டு, கிளவுஸைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் லைனுக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது கிளவுஸ். சக்‌ஷன் செய்த அதே கிளவுஸோடு வென்டிலேட்டர் பட்டனை அழுத்தி, பம்பைத் தொட்டு, சார்ட்டில் பேனா பிடிப்பதை எல்லா ஐசியூவிலும் பார்க்கலாம். உங்கள் கை பத்திரமாகத்தான் இருக்கும்; அந்தப் பட்டனை அடுத்து வெறுங்கையால் தொடுகிற டாக்டர் அதிலுள்ள கிருமியைப் பக்கத்து பெட்டுக்குக் கொண்டுபோவார். கிளவுஸ் மேலேயே ஹேண்ட் ரப் தடவுவதும் கணக்கில் சேராது. ஒரு வேலைக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் ஹேண்ட் ரப், அவ்வளவுதான்.

நோயாளி வென்டிலேட்டரில் இருந்தால், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். யூரின் பேக் எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரே கை சுத்தம் செய்யாமல் வந்தால் "சார், ஹேண்ட் ரப்" என்று பாட்டிலை நீட்டுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், நேராக வெள்ளை ஷார்ப்ஸ் டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் பிழியாமல் சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவி, ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திராமல் உடனே சொல்லுங்கள்: எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.